காத்திருக்கும் நிலத்துக்கு யார் கூலி கொடுப்பது?

கோஸ்டாரிக்காவின் வடமேற்கு மூலையில் குவானகாஸ்தே என்றொரு மாகாணம். ஆண்டில் பாதி மழை, பாதி வெயில். 1990-களின் கடைசியில், அங்கே பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியைச் சேர்ந்த ஒரு பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் லாரி லாரியாக ஆரஞ்சுத் தோல் வந்து இறங்கியது. மொத்தம் ஆயிரம் லாரி, ஏறத்தாழ 12,000 டன். சாறு பிழிந்தபின் மிஞ்சிய தோலும் சக்கையும்தான் அத்தனையும். மூன்று ஹெக்டேரில், நம் கணக்குக்கு ஏழரை ஏக்கர் நிலத்தில், அவ்வளவும் கொட்டப்பட்டது.

அந்த நிலத்தில் அதுவரை மண்டிக் கிடந்தது, மாட்டுத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு முரட்டுப் புல். ஆளுயரம் வளரும், கோடையில் பற்றி எரியும், எரிந்த இடத்திலேயே மறுபடி தழைக்கும். எந்த மரக்கன்றையும் தலைதூக்க விடாது. ஆரஞ்சுத் தோல் அந்தப் புல்லை மூடி மூச்சுமுட்ட வைத்துக் கொன்றது. தோலில் ஈக்கள் முட்டையிட்டன, புழுக்கள் பெருகித் தின்றன, சில மாதங்களில் கறுத்த பொலபொலவென்ற மண் மிஞ்சியது. அப்புறம் அந்த இடம் கிட்டத்தட்ட மறந்துபோயிற்று. 2013-ல் ஓர் ஆய்வு மாணவர் அதைத் தேடிப் போனார். அடையாளத்துக்கு ஏழடி நீளப் பலகை ஒன்று, பளிச்சென்ற மஞ்சள் எழுத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பலகையே கண்ணில் படவில்லை. கொடியும் மரமும் அதை விழுங்கியிருந்தன. தோல் கொட்டாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டு அளந்தபோது, தரைக்கு மேலே சேர்ந்திருந்த மரத்திரள் 176 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும் என்ற பருமனில் ஓர் அத்திமரம் நின்றது.

இதை இயற்கையின் அதிசயமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பின்னால் இருந்த ஒப்பந்தம். டெல் ஓரோ என்ற பழச்சாறு நிறுவனத்துக்குக் கழிவைத் தள்ள இடம் வேண்டும். பக்கத்து வனப்பகுதிக்கோ, நிறுவனத்தின் கையிலிருந்த காட்டு நிலம் வேண்டும். சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் நடுவில் நின்று பேசி முடித்தார்கள். நிறுவனம் காட்டு நிலத்தைக் கொடுக்கும். பதிலுக்கு, பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் தோலைக் கொட்டி மட்கவிடலாம். மட்கவைப்பது என்பது மண்ணும் புழுவும் செய்யும் வேலை. அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அது நெடுநாள் ஓடவில்லை. போட்டி நிறுவனம் ஒன்று தேசியப் பூங்காவில் குப்பை கொட்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த ஏழரை ஏக்கரில் மட்டும் காடு வந்துவிட்டது.

நிலத்தை மீட்பதில் உள்ள பணச் சிக்கல் முழுவதும் இந்தச் சின்னக் கதைக்குள் இருக்கிறது. நிலம் ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையால் இன்னொருவருக்கு நன்மை. நன்மை பெறுபவர் அதற்குரிய காசைக் கொடுத்தால் நிலத்தை வைத்திருப்பவர் அந்த வேலை தொடரும்படி பார்த்துக்கொள்வார். சூழல் சேவைகளுக்கான கட்டணம் என்று உலகம் முழுவதும் பேசப்படும் ஏற்பாட்டின் அடிப்படை இவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. யார் கொடுப்பது, எந்தப் பையிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கத் தொடங்கும்போதுதான் கஷ்டம் தெரியும்.

ஒரு மலைச்சரிவில் பத்து ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். மாடு மேய விட்டால் குறைவானாலும் ஒரு வருமானம் வரும். மாட்டை விலக்கிக் காடு வளரவிட வேண்டும் என்றால் முதல் ஆண்டிலேயே வேலிக்குச் செலவு, தீத்தடுப்புக்குச் செலவு, கன்றுக்கும் நடவுக் கூலிக்கும் செலவு. அதற்குப் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒரு காசும் கிடையாது. அந்த நிலம் தரப்போகும் நன்மையோ அவருடைய வேலிக்குள் நிற்பதில்லை. மண் கரைந்து ஓடுவது குறைந்தால் கீழேயுள்ள அணைக்கு லாபம். ஓடையில் தெளிந்த நீர் வந்தால் ஊருக்கு லாபம். கரியமில வாயுவை மரம் உறிஞ்சினால் உலகத்துக்கே லாபம். தேனீ பெருகினால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு லாபம். இந்தக் கடைசி லாபத்தை கோஸ்டாரிக்காவிலேயே அளந்திருக்கிறார்கள்: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காபிச் செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடியது என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காபித் தோட்டக்காரர் அந்த 20 சதவீதத்தைத் தன் உழைப்பின் பலன் என்றே நினைத்திருப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. தேனீ ரசீது கொடுப்பதில்லை.

ஆகவே மரக்கன்றின் விலை பெரிய விஷயமல்ல. நிலம் தேறும்வரை காத்திருக்க வேண்டிய ஆண்டுகள்தான் பெரிய செலவு. அந்தக் காத்திருப்புக்கு யாரோ ஒருவர் கூலி கொடுத்தாக வேண்டும்.

திருத்தியவனுக்கே நிலம்

தமிழில் காட்டை வெட்டி வயலாக்குவதைத் ‘திருத்துவது’ என்கிறோம். காடு என்பது பிழை, வயல் என்பது திருத்தம். கோஸ்டாரிக்காவின் நிலச் சட்டங்களிலும் இதே மனம் இருந்தது. புறம்போக்குக் காட்டுக்குள் போய் மரத்தை வெட்டினால் அது நிலத்தில் செய்த ‘மேம்பாடு’. மேம்படுத்தியவர் உரிமை கோரலாம். வெட்டாமல் விட்டால் சும்மா கிடக்கும் நிலம். வேறு யாராவது வந்து குடியேறிவிடலாம். இதோடு அமெரிக்காவின் ஹாம்பர்கர் கடைகளுக்கு மலிவான மாட்டிறைச்சி தேவைப்பட்டது. மாடு வளர்க்க வங்கிக் கடன் தாராளமாகக் கிடைத்தது. 1940-களில் நாட்டின் முக்கால் பங்கு காடாக இருந்தது. 1980-களில் அது கால் பங்குக்கும் கீழே, ஏறத்தாழ 21 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்பது அந்நாட்டு அரசே தரும் கணக்கு.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்பது முக்கியம். பல கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேரே வெற்றிக் கதைக்குப் போய்விடுகின்றன. 1980-களில் நாடு கடனில் மூழ்கியது. இறைச்சி விலை சரிந்தது. விளைச்சல் இல்லாத சரிவுகளில் மாடு மேய்ப்பது கட்டுப்படியாகாமல் பலர் நிலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விட்ட நிலத்தில் காடு தானாக ஏறத் தொடங்கியது. அதாவது கட்டணத் திட்டம் பிறப்பதற்கு முன்பே காற்று திசை மாறியிருந்தது.

1996-ல் 7575-ஆம் எண் வனச் சட்டம் வந்தது. அதில் இரண்டு காரியங்கள் ஒருசேர நடந்தன. காட்டை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று தடை. கூடவே, காடு செய்யும் நான்கு வேலைகளைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது: வெப்பவாயுக்களைக் குறைப்பது, நீரைக் காப்பது, உயிர்வகைகளைக் காப்பது, கண்ணுக்கு இனிய இயற்கைக் காட்சி. இந்த நான்குக்கும் நில உரிமையாளருக்குக் கட்டணம் தர வேண்டும் என்றது. ‘வெட்டாதே’ என்ற தடையை மட்டும் வைத்திருந்தால் விவசாயிகள் தெருவுக்கு வந்திருப்பார்கள். கட்டணத்தை மட்டும் வைத்திருந்தால், விலை ஏறும் ஆண்டில் காட்டை வெட்டிவிட்டு விலை இறங்கும் ஆண்டில் கட்டணம் கேட்பார்கள். தடை நிலைப்பதற்குக் கட்டணம் உதவியது. கட்டணம் வீணாகாமல் தடை பார்த்துக்கொண்டது. கட்டணத்தை மட்டும் பெயர்த்து நட்டால் வேறு நாட்டில் அது வேர்பிடிக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பணத்தைக் கையாள ஃபோனாஃபிஃபோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய வன நிதியம். பணம் வந்த வழிதான் அதன் உயிர். பெட்ரோல், டீசல் மீதான வரியில் 3.5 சதவீதம் நேராக இந்த நிதியத்துக்கு. வண்டி ஓட்டுபவர் புகை விடுகிறார், காட்டுக்காரர் அதை உறிஞ்சும் மரத்தை வைத்திருக்கிறார். ஆகவே ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்கு. ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சரிடம் கையேந்த வேண்டாம். இதோடு உலக வங்கிக் கடன், வெளிநாட்டு உதவி, சில நீர்மின் நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்துகொண்ட ஒப்பந்தங்கள், 2005-க்குப் பிறகு நீர் எடுப்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் கால் பங்கு.

விவசாயி பக்கமிருந்து பார்த்தால் வேலை இப்படி நடக்கும். நிலப் பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற வனப் பொறியாளர் ஒருவரிடம் போக வேண்டும். அவர் நிலத்தை நடந்து பார்த்து, எங்கே காடு நிற்கிறது, எங்கே மீண்டும் வளரவிடலாம், தீ எந்தப் பக்கமிருந்து வரும், எல்லையில் எத்தனை பலகை நட வேண்டும் என்று திட்டம் எழுதுவார். கட்டணத்தில் 12 முதல் 18 சதவீதம் வரை அவருக்கே போய்விடும். அப்புறம் விண்ணப்பம், மதிப்பெண், வரிசை. ஒப்பந்தம் கிடைத்தால் கார்பன் உட்பட அந்தச் சேவைகளின் மீதான உரிமையை நிதியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிற்கும் காட்டைக் காப்பதற்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு முதலில் 42 டாலர் அளவில் கிடைத்தது; 2005-க்குப் பிறகு 64 டாலர். புதிதாக மரம் நடுபவருக்குத் தொடக்க ஆண்டுகளில் வேறு கணக்கு: மொத்தத் தொகையில் பாதி முதல் ஆண்டிலேயே, பிறகு 20, 15, 10, 5 சதவீதம் என்று இறங்குமுகமாக. வேலி, கன்று, களையெடுப்பு எல்லாம் முன்னால் வரும் செலவு என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. ஆனால் மரத்தை வைத்திருக்க வேண்டிய காலமோ பணம் வரும் காலத்தைவிட மிக நீளம்.

விட்டுப்போனவர்கள்

இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு. பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசும் 2021-ல் இந்தத் திட்டத்துக்காகவே கோஸ்டாரிக்காவுக்குக் கிடைத்தது. 1997 முதல் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒப்பந்தத்துக்குள் வந்து போயிருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் காடு திரும்பியதற்குக் கட்டணம் எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது விடை அடக்கமாகவே வந்தது. 1997 முதல் 2000 வரையான முதல் சுற்றை ஆராய்ந்தவர்கள், ஒப்பந்தம் போட்ட நிலங்களில் பெரும்பாலானவை எப்படியும் வெட்டப்பட்டிருக்காது என்று கண்டார்கள். யாரும் உழ விரும்பாத செங்குத்துச் சரிவு, சாலை எட்டாத மூலை, ஊரில் வேறு வருமானம் உள்ளவரின் பண்ணை. அப்படிப்பட்ட நிலம்தான் எளிதாக ஒப்பந்தத்துக்குள் வந்தது. வெட்டும் ஆசையே இல்லாதவருக்கு வெட்டாமலிருக்கக் கூலி.

இன்னொன்று, நிலத்தை மீட்க வேண்டும் என்று பேசுபவர்கள் கவனிக்க வேண்டியது: ஒப்பந்தத்தில் வந்த பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த காடு. பாழ்நிலத்தைத் தேற்றியெடுக்க வந்த பங்கு சிறிது. காரணம் எளிது. நிற்கும் காட்டுக்குச் செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. பாழ்நிலத்தை எடுத்துக்கொண்டவர் முதல் கோடையில் தீப்பிடித்தால் எல்லாவற்றையும் இழப்பார்.

பத்திரம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. அரசுப் பணத்தை உரிமைப் பத்திரம் இல்லாத நிலத்தில் செலவிடக் கூடாது என்ற விதியால் தலைமுறைகளாக அங்கே இருக்கும் சிறு விவசாயிகள் தொடக்கத்தில் வெளியே நின்றார்கள். எந்தச் சட்டம் ‘வெட்டினால்தான் உனக்கு நிலம்’ என்றதோ அதற்குப் பணிந்து வெட்டியவருக்குப் பத்திரம் இருந்தது. வெட்டாமல் வாழ்ந்தவருக்கு இல்லை. இப்போது பத்திரம் உள்ளவருக்கே காடு வளர்க்கும் கட்டணமும். பின்னால் விதிகளைத் தளர்த்தினார்கள். பழங்குடி மக்களின் கூட்டு நிலங்களுக்குப் பெரிய பரப்பில் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இருந்தாலும் இந்த முதல் சறுக்கல் எந்த நாட்டுக்கும் பாடமாக இருக்க வேண்டியது. நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாடுபடுவது யார் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீனா நேர் எதிர் வழியில் போனது. 1997-ல் மஞ்சள் ஆறு கடலைத் தொடாமலேயே 226 நாட்கள் வறண்டு கிடந்தது. அடுத்த ஆண்டே யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். 1999-ல் ‘விளைநிலத்தைக் காட்டுக்குத் திருப்புவது’ என்ற பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. செங்குத்தான சரிவில் உழுவதை விட்டுவிடும் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் தானியம்: யாங்சிப் படுகையில் ஹெக்டேருக்கு 2,250 கிலோ, மஞ்சள் ஆற்றுப் படுகையில் 1,500 கிலோ. கூடவே 300 யுவான் ரொக்கம், கன்றுக்குத் தனியாக 750 யுவான். இந்த உதவி, புல்வெளியாக்கினால் 2 ஆண்டு, பழமரம் போன்ற பயன்மரம் வைத்தால் 5 ஆண்டு, வெறும் காடு வளர்த்தால் 8 ஆண்டு. மூன்று கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதற்குள் வந்தன. பணமாகக் கொடுக்காமல் தானியமாகக் கொடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது: உழுவதை நிறுத்தும் குடும்பத்துக்கு முதலில் வரும் பயம் ‘நாளைக்கு என்ன சாப்பிடுவது’ என்பதே. அந்தப் பயத்துக்கு நேரே பதில் சொன்னார்கள்.

மஞ்சள் ஆறு பாயும் லோயெஸ் மேட்டுநிலம் பச்சையானது, மஞ்சள் ஆற்றில் வண்டல் பெரிதும் குறைந்தது. படிக்கட்டு வயல்களும் அணைகளும் சேர்ந்து செய்த வேலை அது. மரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மேலிருந்து வந்த இலக்கை எட்டுவதற்காகப் பல இடங்களில் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டார்கள். மழை குறைந்த மேட்டுநிலத்தில் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சியது. அங்கே இன்னும் மரம் கூட்டினால் மக்களுக்கு மிஞ்சும் நீர் போதாது என்று 2016-ல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். நிலம் எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எத்தனை மரம் என்று எண்ணினால் இப்படித்தான் ஆகும். புல்வெளியாக இருக்க வேண்டிய இடத்தில் காட்டை நடுவது மீட்பு ஆகாது.

கீழே இருப்பவரின் ஏரி

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு ஒரு முன்னோடி உண்டு, அந்தப் பெயரே புழக்கத்துக்கு வராத காலத்தில். சண்டிகர் நகரத்துக்கு அழகு சேர்க்க 1958-ல் வெட்டிய சுக்னா ஏரி, இருபது ஆண்டுக்குள் வண்டலால் தூர்ந்துகொண்டிருந்தது. தூர் வாரிப் பார்த்தார்கள், மாளவில்லை. மண் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் போனால் சிவாலிக் குன்றடிவாரத்தில் சுகோமஜ்ரி என்ற சிற்றூர். மழையை நம்பிய வயல், குன்று முழுக்க ஆடு மாடு, சரிவில் ஒரு புல் இல்லை. மண்வளப் பாதுகாப்பு மையத்தில் பணியாற்றிய பி.ஆர். மிஸ்ரா ‘ஆட்டை ஓட்டாதீர்கள்’ என்றால் யார் கேட்பார்கள்? பசித்த ஆடு ஏரியின் அழகைப் பார்க்காது.

1976-ல் அங்கே ஒரு சிறு மண் அணை எழுந்தது. தேங்கிய மழைநீரை வயலுக்கு விட்டதும் கோதுமை விளைந்தது. இந்த நீர் வேண்டுமென்றால் குன்றில் மேய்ச்சல் கூடாது என்பது உடன்பாடு. ஆனால் நிலமில்லாதவருக்கு நீரால் என்ன லாபம்? அவர் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? அங்கேதான் ஊர் ஒரு தீர்வு கண்டது: நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு. நிலமில்லாதவர் தன் பங்கை விற்கலாம். அன்றிலிருந்து குன்றைக் காப்பது நிலக்காரர் வேலை மட்டுமாக இல்லாமல் எல்லோர் வேலையும் ஆயிற்று. ஊரே வேலி ஆனது. பாபர் புல் திரும்பி வந்தது. கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் விற்றார்கள். அந்த ஊர்ப் பக்கமிருந்து ஏரிக்குப் போன வண்டல் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் குறைந்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. ஏரி யாருடையதோ அந்த நகரம், தன் ஏரியைக் காத்த ஊருக்கு ஆண்டுதோறும் கட்டணம் என்று ஒன்று கொடுக்கும் ஏற்பாடு வேர்விடவில்லை. அணை என்ற ஒற்றைக் கைம்மாறே கூலியாக நின்றது. அணையிலும் வண்டல் சேரும், பராமரிக்கக் காசு வேண்டும், புல் வருமானத்தில் வனத்துறைக்கும் ஊருக்கும் எத்தனை பங்கு என்ற இழுபறி வரும். எல்லாம் வந்தது. தண்ணீர் குறையக் குறைய உடன்பாடும் தளர்ந்தது. நியூயார்க் நகரம் இதே பிரச்சினையை வேறு மாதிரி தீர்த்தது: குடிநீரை வடிகட்டப் பல நூறு கோடி டாலரில் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997 ஒப்பந்தப்படி, தனக்குத் தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலையில் இருக்கும் விவசாயிகளின் சாணக்குழிக்கும் ஓடைக்கரைக்கும் செலவு செய்தது. அந்தச் செலவு நகரத்தாரின் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து இன்றும் போகிறது. தண்ணீர் குடிக்கும்வரை பணம் வரும்.

காட்டுக்கு விலை போடுவதைப் பற்றிய இந்தியாவின் மிகப் பெரிய ஏற்பாடு தொடங்கியது தமிழ்நாட்டில், கூடலூரில். நீலகிரியில் நடந்த மரவெட்டை எதிர்த்து 1995-ல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் இந்தியக் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், காட்டை வேறு வேலைக்கு எடுப்பவர் அதன் ‘நிகர தற்போதைய மதிப்பை’, அதாவது அந்தக் காடு இனித் தரக்கூடிய நன்மைகளை இன்றைய ரூபாயில் கணக்கிட்ட தொகையை, கட்ட வேண்டும் என்ற விதி. 2008-ல் அந்த மதிப்பு ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. சுரங்கத்துக்கும் சாலைக்கும் அணைக்கும் காடு போகப் போகப் பணம் குவிந்தது. 2016-ல் அதற்கென்று சட்டம் வந்தது. 2019-ல் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அந்தத் தொகையைப் பார்த்தால் நமக்கும் ஒரு கட்டணத் திட்டம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் திசை வேறு. கோஸ்டாரிக்காவில் காட்டைக் காப்பவருக்குக் காசு போகிறது. இங்கே காட்டை எடுப்பவரிடமிருந்து காசு வருகிறது. காடு போனால்தான் கஜானா நிறையும். வந்த பணமும் துறை வழியாகத் தோட்டமாக நடப்படுகிறதே தவிர, காட்டோரத்தில் வாழும் குடும்பத்துக்கு ‘இந்தச் சரிவைக் காத்ததற்கு இவ்வளவு’ என்று ஆண்டுதோறும் போய்ச் சேர்வதில்லை. இழந்த இடம் ஓரிடம், நட்ட இடம் வேறிடம்.

நிதிக் குழு இன்னொரு வழியைத் திறந்தது. 14-ஆவது நிதிக் குழு, மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைக் கணக்கிடும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15-ஆவது குழு அதை 10 சதவீதமாக்கியது. காடு வைத்திருக்கும் மாநிலத்துக்குக் கூடுதல் பணம். தொகை மிகப் பெரிது, ஆண்டுதோறும் வருவது, கையேந்தாமல் வருவது. ஃபோனாஃபிஃபோ கனவிலும் காணாத அளவு. ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்தின் பொதுக் கிணற்றில் விழுகிறது. அதில் ஒரு வாளிகூடக் காட்டுக்கோ காட்டோர மக்களுக்கோ போக வேண்டும் என்று நிபந்தனை இல்லை. குழாய் போடப்பட்டிருக்கிறது, தண்ணீரும் வருகிறது. கடைசி நூறு அடிதான் இல்லை. நிலத்தை மீட்க நாட்டில் பணமில்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கோஸ்டாரிக்காவுக்கு இப்போது வேறொரு சங்கடம். அந்த நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீர், புவிவெப்பம், காற்று போன்றவற்றிலிருந்து வருகிறது. ஆகவே இனிப் புகையைக் குறைக்க வேண்டுமென்றால் வண்டிகளில்தான் குறைக்க வேண்டும். 2019-ல் அறிவித்த கார்பன் நீக்கத் திட்டம் 2050-க்குள் அதைச் செய்யப் பார்க்கிறது. பேருந்தும் காரும் மின்சாரத்துக்கு மாற மாற, பெட்ரோல் வரி தேயும். அந்த வரியில்தான் காட்டுக்காரரின் கட்டணம். உலக வங்கியின் வன கார்பன் நிதியிலிருந்து 2022-ல் 1.64 கோடி டாலர் வந்தது, 32.8 லட்சம் டன் வெப்பவாயுவைக் குறைத்ததற்காக. அது நல்ல பணம். ஆனால் அது ஒரு காசோலை. பெட்ரோல் வரிபோல நாள்தோறும் சொட்டுவது அல்ல. இப்போதே ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிப்பவர்களில் பலர், பணமில்லாமல் வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தலைநகர் சான் ஹோசேவுக்கு வடக்கே ஹெரேதியா என்றொரு நகரம். பார்வா எரிமலைச் சரிவிலிருந்து வரும் நீரூற்றுகளும் ஓடைகளும்தான் அதற்குத் தண்ணீர். அந்நகரத்தின் குடிநீர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில், ஒவ்வொரு கனமீட்டர் தண்ணீருக்கும் ஒரு சிறு தொகையைச் சரிவுக் காடுகளுக்கென்று கட்டணத்தில் சேர்த்தது. அந்தத் தொகை மேலேயுள்ள நிலக்காரர்களுக்குப் போகிறது, காட்டைக் காக்கவும் வெறுஞ்சரிவில் மீண்டும் வளர்க்கவும். பெட்ரோல் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த வரவு குறையாது. மாதம் ஒருமுறை ஹெரேதியா வீடுகளுக்கு வரும் தண்ணீர்ச் சீட்டில், தாம் குடித்த நீர் எந்த மலையிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு தொகை எழுதியிருக்கும்.